உங்கள் படம் பேப்பரில், உங்கள் பெயர் இல்லை: மலேசிய ஓவியர்கள் பணம் கேட்டு வாங்க ஒரு முழு வழிகாட்டி

பொங்கல், தைப்பூசம், தீபாவளி. படம் வரைந்து இணையத்தில் போடும் நம் பிள்ளைகளின் படங்கள் காணாமல் போய் வேறு இடத்தில் முளைப்பது பெரும்பாலும் இந்த மூன்று பருவங்களில்தான். மலர்ப் பக்கங்களை நிரப்ப வேண்டும், அச்சுக்குப் போக இரண்டு மணி நேரம்கூட இல்லை. பக்கம் கட்டுபவர் கூகுளில் ‘பொங்கல் பானை’ என்று தட்டி, கண்ணுக்கு அழகாகப் பட்டதை எடுத்து ஒட்டிவிடுகிறார். மறுநாள் காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டு, ‘நம்ம பாப்பா வரைஞ்சது மாதிரியே இருக்கே’ என்கிறார். ஓரத்தில் பொடி எழுத்தில் ‘படம்: இணையம்’.

நான் கோலாலம்பூர் செந்தூலில் இருந்து வரைகலை வேலை செய்கிறேன். முன்பு பத்திரிகைப் பக்கங்களும் கட்டியிருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்து அவசரமும் தெரியும். தமிழ்ப் பத்திரிகை மட்டும்தான் இப்படிச் செய்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லா மொழிகளிலும் நடக்கிறது, இணைய ஏடுகளில் இன்னும் அதிகம். நான் பார்த்தவரை, இதை அவமானமாக எடுத்துக்கொண்டு போகிறவருக்கு மன்னிப்பு கிடைக்கிறது. கட்டாத பில்லாக எடுத்துக்கொண்டு போகிறவருக்குப் பணம் கிடைக்கிறது. கீழே உள்ளதெல்லாம் இரண்டாவது வழி. நான் வழக்கறிஞன் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வது நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் இருப்பது. பெரிய தொகை என்றால் வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

படி 1: வாய் திறக்கும் முன் ஆதாரம்

கோபம் வரும். முகநூலில் எழுதக் கை பரபரக்கும். பொறுங்கள். நீங்கள் எழுதிய ஐந்தாவது நிமிடம் இணையதளத்தில் இருந்த படம் காணாமல் போய்விடும். அப்புறம் ‘எந்தப் படம்?’ என்று கேட்பார்கள்.

முதலில் கடைக்குப் போய் அந்த நாளிதழில் இரண்டு மூன்று பிரதி வாங்குங்கள். அன்றைக்கே வாங்க வேண்டும், மறுநாள் கிடைப்பது சந்தேகம். பிரிக்ஃபீல்ட்ஸிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ, பினாங்கில் என்றால் லெபோ பசார் பக்கமோ தேடலாம். பக்கத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளாதீர்கள், முழுப் பத்திரிகை வேண்டும். தேதி, பக்க எண், எந்தச் சிறப்பு மலர் என்பதெல்லாம் சேர்ந்திருந்தால்தான் அது ஆதாரம். இன்னொரு காரணமும் உண்டு. 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி, இங்கே அச்சாகும் ஒவ்வொரு வெளியீட்டிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் முதல் அல்லது கடைசிப் பக்கத்தில் இருக்க வேண்டும். யாரும் படிக்காத அந்தப் பொடி எழுத்து வரியில்தான் நீங்கள் பில் அனுப்ப வேண்டிய கம்பெனியின் சரியான பெயர் இருக்கிறது. பத்திரிகையின் பெயர் வேறு, அதை நடத்தும் செண்டிரியான் பெர்ஹாட்டின் (தனியார் கம்பெனியின்) பெயர் வேறாக இருக்கலாம்.

மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரிய வந்ததா? ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். நாட்டில் அச்சாகும் வெளியீடுகளை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டு முதல் சட்டம் இருக்கிறது, பழைய நாளிதழ்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

இணையத்தில் வந்திருந்தால் முழுப் பக்கத்தையும், மேலே முகவரி தெரியும்படி, தேதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுங்கள். கைப்பேசியில் எடுத்ததோடு நிற்காமல் கணினியிலும் எடுங்கள். பிறகு இணையப் பக்கங்களை அன்றைய நிலையில் பதிந்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்த முகவரியைக் கொடுத்துச் சேமியுங்கள். அது மூன்றாம் தரப்புப் பதிவு, ‘நீங்களே தயார் செய்தது’ என்று யாரும் சொல்ல முடியாது. பத்திரிகையின் முகநூல் பக்கம், மின்னிதழ், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றையும் பாருங்கள். ஒரே படத்தை நான்கு இடத்தில் போட்டிருப்பார்கள். படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸிலும் டின்ஐ தளத்திலும் படத்தைக் கொடுத்துத் தேடுங்கள். உங்கள் படத்தை இடவலமாகத் திருப்பியும் ஒரு முறை தேடுங்கள். பக்கம் கட்டுகிறவர்கள் முகம் உள்பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே படத்தைத் திருப்பிவிடுவது உண்டு.

இனி உங்கள் பக்கத்து ஆதாரம். அடுக்குகளோடு உள்ள மூலக் கோப்பு, கேமரா என்றால் ரா கோப்பு (கேமரா பதிந்த மூல வடிவம்), பென்சில் மாதிரி, முதலில் எங்கே என்றைக்குப் போட்டீர்கள் என்ற பதிவு. இன்ஸ்டாகிராமிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ திரும்ப இறக்கிய படம் போதாது. அந்தத் தளங்கள் படத்துக்குள் இருக்கும் தேதி, கேமரா விவரங்களைப் பெரும்பாலும் உரித்துவிடுகின்றன. மூலக் கோப்பைத் திறந்து மறுபடியும் சேமிக்காதீர்கள், நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள்.

பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு தங்கையின் படத்தை இங்கே சொல்ல வேண்டும். தீபாவளி விடியற்காலையில் பாட்டி பேரனுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் காட்சி. கையெழுத்தைப் பாட்டியின் சேலை மடிப்போடு மடிப்பாக எழுதியிருந்தாள். ஒரு தீபாவளி மலரில் அது முழுப் பக்கத்துக்கு வந்தது, கையெழுத்து மட்டும் இல்லை. நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். சேலை மடிப்புக் கோடு முழங்கால் அருகே வந்து பாதியில் நின்றுபோய், அரை அங்குலம் தள்ளித் திரும்பத் தொடங்கியது. நடுவில் துணியின் புள்ளிகள் ஒரே மாதிரி இரண்டு முறை வந்திருந்தன. பக்கத்துத் துணியை நகல் எடுத்துக் கையெழுத்தின் மேல் ஒட்டியதன் தடம் அது. ‘யாருடையது என்று தெரியாமல் போட்டுவிட்டோம்’ என்ற பதிலை அந்த அரை அங்குலம் முன்கூட்டியே அடைத்துவிட்டது. உங்கள் படத்திலும் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

படி 2: படம் உண்மையில் உங்களுடையதுதானா?

வரைந்தவர் நீங்கள் என்பதும், உரிமையாளர் நீங்கள் என்பதும் ஒன்றல்ல. நம் ஊர் ஓவியர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

நல்ல செய்தி முதலில். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. போதிய உழைப்பைப் போட்டு, சொந்தமாக உருவாக்கி, தாளிலோ கோப்பிலோ இறக்கிவிட்டீர்கள் என்றால் அந்த நிமிடமே உரிமை வந்துவிடுகிறது. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 50 ஆண்டும் அது நிற்கும். ‘முருகன் எல்லோருக்கும் பொது, அதில் என்ன உரிமை?’ என்பார்கள். முருகன் பொதுதான். யாரும் மயிலையும் வேலையும் வைத்துப் புதிதாக வரைந்துகொள்ளலாம், அந்தக் கருத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. நீங்கள் வரைந்த அந்த முருகனை எடுக்க மட்டும் உங்கள் அனுமதி வேண்டும். நாடுகள் ஒன்றின் பதிப்புரிமையை மற்றொன்று மதிக்கும் பெர்ன் ஒப்பந்தத்தில் மலேசியா 1990இல் சேர்ந்தது, இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. ஆகவே ‘இது தமிழ்நாட்டுப் படம், இங்கே யார் கேட்கப் போகிறார்கள்’ என்று எடுப்பதும் அதே மீறல்தான்.

இப்போது கெட்ட செய்தி. நம் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, ஒருவர் சொல்லி, கேட்டு வரையச் செய்த படம் என்றால், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் உரிமை கேட்டவருக்கே போனதாகக் கருதப்படும். கோயில் கமிட்டி கேட்டுத் திருவிழாச் சுவரொட்டி வரைந்து கொடுத்தீர்கள், எழுத்தில் எதுவும் இல்லை. கமிட்டி அதைப் பத்திரிகைக்குச் செய்தியோடு அனுப்பி வைத்தது. பத்திரிகை போட்டது. இங்கே பத்திரிகை மேல் பாய்ந்தால் உங்களுக்குத்தான் சங்கடம். கல்யாணப் புகைப்படக்காரர்களுக்கும் இதே கதைதான். ஆபீஸ் வேலையில் வரைந்தது முதலாளிக்குப் போகும்.

ஆனால் பெயர் போடும் உரிமை வேறு. 25ஆம் பிரிவின்படி, படைத்தவர் பெயரைச் சொல்லாமலோ வேறொருவர் பெயரிலோ படத்தைப் போடுவதை நீங்கள் தடுக்கலாம். உங்கள் நற்பெயருக்குக் கேடு வரும்படி படத்தைச் சிதைப்பதையும் எதிர்க்கலாம். பதிப்புரிமை இன்னொருவர் கைக்குப் போயிருந்தாலும் இந்த உரிமை உங்களிடமே இருக்கும். பணம் கேட்க முடியாத இடத்திலும் பெயர் கேட்கலாம்.

போட்டிக்கு அனுப்பிய படமா, அதன் விதிமுறைகளை மறுபடி படியுங்கள். விற்பனைத் தளத்தில் ஏற்றியதா, பத்திரிகை அங்கே முறையாகக் காசு கட்டி வாங்கியிருக்கலாம். இன்னொன்று: படம் செய்திப் பக்கத்தில் வந்ததா, விளம்பரத்துக்குள் வந்ததா என்று பாருங்கள். நகைக்கடை விளம்பரத்தில் இருந்தால் அதைத் தயாரித்தது கடையின் டிசைனராக இருக்கலாம், முதலில் கேட்க வேண்டியது அங்கே.

படி 3: பத்திரிகைக்கும் சில சலுகை உண்டு

இதைத் தெரிந்துகொள்ளாமல் கடிதம் எழுதினால் முதல் பதிலிலேயே அடிபட்டுப் போவீர்கள். செய்தி, நடப்பு நிகழ்வுகளைச் சொல்வதற்கும் விமர்சனத்துக்கும் பிறர் படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அச்சில் வரும்போது படைப்பின் தலைப்பையும் படைத்தவர் பெயரையும் சொல்லியாக வேண்டும். ‘இணையம்’ என்று யாருக்கும் பெயர் வைக்கவில்லை. நியாயமா இல்லையா என்று பார்க்க நான்கு கேள்விகளையும் சட்டமே தருகிறது: எதற்காக (வணிக நோக்கமா என்பதும் இதில் சேரும்), என்ன வகைப் படைப்பு, எவ்வளவு எடுத்தார்கள், உங்கள் சந்தை மதிப்பு அதனால் எப்படிப் பாதிக்கிறது.

நடைமுறையில் நான் இப்படிப் பிரித்துப் பார்ப்பேன். படமே செய்தியா, செய்திக்கு அலங்காரமா? உங்கள் ஓவியம் பரிசு வாங்கியது, அதைச் சொல்லும் செய்தியில் ஓவியத்தைச் சிறிதாகப் போட்டு உங்கள் பெயரையும் போட்டால் நான் பில் அனுப்ப மாட்டேன். ‘தீபாவளியின் தத்துவம்’ என்ற கட்டுரைக்கு மேலே அரைப் பக்கத்துக்கு உங்கள் படம் என்றால் அது அலங்காரம். காசு கேட்கலாம்.

பினாங்குக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஜார்ஜ்டவுன் சுவரோவியங்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பொது மக்கள் பார்க்கும்படி ஓரிடத்தில் நிரந்தரமாக இருக்கும் கலைப்படைப்பை நகலெடுத்துப் பரப்புவதை நம் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே லெபோ ஆர்மீனியனில் சுவரில் இருக்கும் ஓவியத்தை நிருபர் படம் எடுத்துப் போட்டால், ஓவியர் அந்தப் பிரிவைத் தாண்டி வருவது கடினம். அதே சுவரை நீங்கள் மழை நின்ற மாலையில் காத்திருந்து எடுத்த புகைப்படம் வேறு. அது உங்கள் படைப்பு. நிருபர் தானே போய் எடுக்கலாம், உங்களுடையதைச் சுருட்ட முடியாது.

படி 4: எவ்வளவு கேட்பது

நீதிமன்றத்துக்குப் போனால் சட்டம் நிர்ணயித்த இழப்பீடாக ஒரு படைப்புக்கு 25,000 வெள்ளி (ரிங்கிட்) வரை, மொத்தத்தில் 5 லட்சம் வெள்ளி வரை தரலாம் என்று 37ஆம் பிரிவு சொல்கிறது. இதைப் படித்துவிட்டு முதல் கடிதத்திலேயே 25,000 கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உச்சவரம்பு, அதுவும் நீதிபதியின் முடிவு. அப்படிக் கேட்டால் ஆசிரியர் சிரித்துவிட்டுக் கடிதத்தை ஓரம் வைப்பார்.

நீங்கள் வழக்கமாக வாங்கும் தொகையிலிருந்து தொடங்குங்கள். அதைக் காட்ட உங்கள் பழைய பில்கள் இரண்டு மூன்று போதும். ஒரு கணக்குக்கு, அரைப் பக்க ஓவியத்துக்கு 300 வெள்ளி வாங்குபவர் என்று வைத்துக்கொள்வோம். அச்சுப் பதிப்புக்கு 300. அதையே இணையதளத்திலும் முகநூலிலும் போட்டிருந்தால் அதற்குத் தனியாக 100. முகப்பு அட்டையாக இருந்தால் கூடும். பெயர் போடாததற்கு, கையெழுத்தை அழித்ததற்கு ஒரு தொகை. இதற்குச் சட்டத்தில் அட்டவணை கிடையாது, உங்கள் நியாய உணர்வுக்கு விடுகிறேன். ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதுங்கள். மொத்தமாக ‘நஷ்ட ஈடு 1,000’ என்று போட்டால் பேரம் தொடங்கும். வரி வரியாக இருந்தால் எந்த வரி தவறு என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

முதல் தடவை புத்தாண்டு மலருக்காகப் பத்து வெள்ளி வாங்கிப் பழகிய பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் வழக்கமான விலையே குறைவு என்றால் இந்தப் பில்லில் திடீரென்று ஏற்றாதீர்கள். அடுத்த வேலையிலிருந்து ஏற்றுங்கள்.

படி 5: கடிதமும் பில்லும்

நிருபருக்கு வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள். பாவம், அவருக்குப் பக்கம் கட்டுவதில் பங்கே இருக்காது. ஆசிரியருக்கும் நிர்வாகத்துக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். கூடவே பதிவுத் தபாலில் ஒரு பிரதி. தமிழ்ப் பத்திரிகை என்றால் தமிழில் எழுதலாம், ஆனால் கணக்குப் பிரிவோ வழக்கறிஞரோ படிக்க வேண்டிவரும், மலாயில் ஒரு பிரதியும் வையுங்கள். கம்பெனி முகவரி சந்தேகமாக இருந்தால் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) தளத்தில் சிறு கட்டணம் கட்டிப் பதிவு முகவரியை எடுக்கலாம்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

‘மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் நாளிதழின் தீபாவளி மலரில் (தேதி, பக்க எண்) “எண்ணெய்க் குளியல்” என்ற என் ஓவியம் என் அனுமதியின்றி, என் பெயரின்றி வெளியாகியுள்ளது. அதே படம் தங்கள் இணையதளத்திலும் முகநூல் பக்கத்திலும் உள்ளது. மூலக் கோப்பின் படமும், நான் முதலில் வெளியிட்ட பதிவின் தேதியும், தங்கள் பக்கத்தின் படமும் இணைப்பில் உள்ளன. இந்தப் பயன்பாட்டுக்கான உரிமக் கட்டணப் பில்லை இத்துடன் அனுப்பியுள்ளேன். 14 நாட்களுக்குள் செலுத்துமாறும், அடுத்த ஞாயிறு பதிப்பில் என் பெயரைக் குறிப்பிட்டுத் திருத்தம் வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். கட்டணம் செலுத்தப்பட்டால் இணையத்தில் உள்ள படம் என் பெயருடன் தொடர்ந்து இருக்கலாம். அன்புடன், (பெயர்).’

அவ்வளவுதான். ‘திருடிவிட்டீர்கள்’, ‘வெட்கமில்லையா’, ‘தமிழ்ச் சமுதாயத்துக்கே அவமானம்’ எதுவும் வேண்டாம். ஆசிரியர் இதை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்கும். அவர் வெட்கப்படாமல் காட்டக்கூடிய கடிதமாக இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். பில்லுக்கு ஓர் எண் இருக்கட்டும், தேதி, வங்கிக் கணக்கு, கெடு எல்லாம் தெளிவாக இருக்கட்டும். கணக்குப் பிரிவில் பில் எண் இல்லாத காகிதம் நகரவே நகராது.

படி 6: வரப்போகும் பதில்கள்

பெரும்பாலும் முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு வரும். குரல் இனிமையாக இருக்கும். ‘என்ன தம்பி, நம்ம பேப்பர்தானே, நேர்ல வந்திருந்தா ஒரு தே தாரேக் குடிச்சிக்கிட்டே பேசியிருக்கலாமே.’ இதற்குச் சரியான பதில்: ‘வரேன் அண்ணே. பில்லையும் கையோட கொண்டுவரேன்.’ பேசி முடித்த பின், பேசியதை இரண்டு வரியில் மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள். ‘இன்று தொலைபேசியில் பேசியபடி...’ என்று தொடங்கினால் போதும்.

அடுத்தது, ‘முகநூலில் எல்லோரும் பார்க்கும்படிதானே போட்டிருந்தீர்கள்?’ பார்க்கத்தான் போட்டோம். சமூக ஊடகத்தில் ஏற்றும்போது நாம் உரிமம் கொடுப்பது அந்தத் தளத்துக்கு, ஊரில் உள்ள பத்திரிகைகளுக்கு அல்ல. உலகத்தில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு ஹைட்டியில் நடந்தது. 2010 ஜனவரி 12ஆம் தேதி நிலநடுக்கத்தன்று டேனியல் மோரெல் என்ற புகைப்படக்காரர் எடுத்து ட்விட்டர் வழியாகப் போட்ட படங்களை ஏஎஃப்பி செய்தி நிறுவனம், அதுவும் வேறொருவர் பெயரில், உலகம் முழுக்க விநியோகித்தது. படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனம் வழியாகவும் அவை போயின. ட்விட்டரின் விதிமுறையே தங்களுக்கு அனுமதி தந்தது என்று வாதாடினார்கள். நியூயார்க்கில் இருந்த கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2013 நவம்பரில் ஜூரி 12 லட்சம் அமெரிக்க டாலர் இழப்பீடு கொடுத்தது. அமெரிக்கச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பதிலில் இரண்டு வரி இதைப் பற்றி எழுதினால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

‘வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பினார்கள்.’ அனுப்பியவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். பெயர் சொல்ல மாட்டார்கள், பேச்சு அங்கேயே அடங்கும்.

‘அடுத்த வாரம் பெயர் போட்டுவிடுகிறோம்.’ சந்தோஷம், போடட்டும். அது உங்கள் 25ஆம் பிரிவு உரிமைக்குப் பதில். பில்லுக்குப் பதில் அல்ல. இரண்டையும் அவர்கள் கலப்பார்கள், நீங்கள் பிரித்துக்கொண்டே இருங்கள்.

‘உங்களுக்கும் விளம்பரம்தானே.’ பெயரே போடாத பக்கத்தில் யாருக்கு விளம்பரம்?

உண்மையிலேயே மனதைத் தொடும் பதில் ஒன்றுதான்: ‘பத்திரிகை நட்டத்தில் ஓடுகிறது.’ இது பொய்யில்லை. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019இல் மூடப்பட்டது. நம் சிறுகதையையும் கண்காட்சிச் செய்தியையும் போடுவது இதே பத்திரிகைகள்தான். அவை இல்லாமல் போனால் நமக்கும் நட்டம். ஆனால் அச்சுத்தாள் விற்பவரிடம் ‘நட்டத்தில் ஓடுகிறோம், இலவசமாகக் கொடுங்கள்’ என்று யாரும் கேட்பதில்லை. தொகையைக் குறைத்துக்கொள்ளலாம், இரண்டு தவணையாக வாங்கலாம், பணத்துக்குப் பதில் உங்கள் ஓவிய வகுப்புக்கு அதே மதிப்பில் விளம்பர இடம் வாங்கலாம். எதுவானாலும் எழுத்தில், தேதியோடு. குறைத்துத் தருவதாகச் சொல்லும் கடிதத்தின் தலையில் ‘தன்பா பிரஜுடிஸ்’ (என் உரிமைக்குப் பாதிப்பின்றி) என்று போட்டுத் தனிக் கடிதமாக அனுப்புங்கள். பேரம் முறிந்துபோனால் அந்தக் குறைந்த தொகையைக் காட்டி உங்களை மடக்காமல் இருக்க அது உதவும். பட்டர்வொர்த் தங்கை கடைசியில் பாதிப் பணமும் கால் பக்க விளம்பரமும் வாங்கிக்கொண்டாள். நான் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருப்பேன். அவளுக்கு அதுவே போதும் என்று பட்டது, அவள் படம், அவள் முடிவு.

படி 7: பதிலே வராவிட்டால்

14 நாள் முடிந்ததும் ஒரு நினைவூட்டல், இன்னும் ஏழு நாள். அப்புறமும் மௌனம் என்றால் பாதைகள் சில உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் திறக்காதீர்கள்.

முதலாவது, சத்தியப் பிரமாணம். நீங்கள்தான் படைத்தவர், உரிமை உங்களுடையது, இணைத்திருப்பது அதன் உண்மையான நகல் என்று அக்குவான் பெர்கானுன் (சட்டப்படியான உறுதிமொழி) எழுதி, பெசுருஹ்ஜாயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) முன் கையெழுத்திடுங்கள். இதை முதல் நோக்குச் சான்றாக, அதாவது எதிர்ப்பக்கம் தவறு என்று காட்டும்வரை செல்லும் சான்றாக, ஏற்கச் சட்டத்தின் 42ஆம் பிரிவு வழி செய்கிறது. இதோடு, பெட்டாலிங் ஜெயாவில் தலைமையகம் உள்ள மைஐபிஓவில் (மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம்) படைப்பைத் தன்னார்வ அறிவிப்பாகப் பதியலாம். இது 2012இல் வந்த ஏற்பாடு. உரிமையை இது தருவதில்லை, அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. ஆனால் பதிவேட்டின் சான்றிட்ட பிரதி கையில் இருந்தால் ‘உன்னுடையது என்று எப்படித் தெரியும்’ என்ற கேள்வியின் கனம் குறைந்துவிடும்.

இரண்டாவது, இணையத்தில் உள்ளதை இறக்குவது. முகநூல், இன்ஸ்டாகிராமில் பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது. பத்திரிகையின் சொந்தத் தளம் என்றால் அதை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் சேவை வழங்குநருக்கு 43எச் பிரிவின்படி அறிவிப்புக் கொடுக்கலாம். கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் படத்தை நீக்க வேண்டும். எதிர்ப்பக்கம் மறுப்பு அறிவிப்புக் கொடுக்கவும் வழி உண்டு. உங்கள் அறிவிப்பு தவறாக இருந்து யாருக்காவது நட்டம் வந்தால் ஈடு செய்வதாக நீங்கள் உறுதி தர வேண்டியிருக்கும், அதனால் படி 2இல் சந்தேகம் உள்ளவர்கள் இங்கே கை வைக்க வேண்டாம். என்னைக் கேட்டால், இறக்குவதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். படம் அங்கே இருக்கும்வரை பத்திரிகைக்குக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, வழக்கறிஞர் கடிதம். காசு செலவாகும், பில் தொகையே சிறியது என்றால் கட்டுப்படியாகாது. ஆனால் ஒரே பத்திரிகை நான்கைந்து ஓவியர்களிடம் இதையே செய்திருந்தால் எல்லோரும் சேர்ந்து ஒரே வழக்கறிஞரைப் பிடியுங்கள். நம் ஆள்கள் மிகக் குறைவாகச் செய்வதும், மிக வேகமாகப் பலன் தருவதும் இதுதான்.

நீதிமன்றம் கடைசி. வழக்குப் போட மீறல் நடந்த நாளிலிருந்து ஆறு ஆண்டு இருக்கிறது, அவசரம் இல்லை. பதிப்புரிமை வழக்கை வழக்கறிஞர் துணையோடு நடத்துவதே நல்லது. ஆனால் ஒரு சூழ்நிலை எளிது: ‘சரி, 400 வெள்ளி கட்டுகிறோம்’ என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு, பிறகு கட்டாமல் இழுத்தடிக்கிறார்கள். அப்போது அது சாதாரணக் கடன். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில், வழக்கறிஞர் இல்லாமல், தனி ஆளாக நீங்களே மனுப் போடலாம். கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகம், பினாங்கில் லெபோ லைட். படி 6இல் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள் என்று நான் நச்சரித்தது இதற்காகத்தான்.

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் கொடுத்து அமலாக்கப் பிரிவை வரவழைக்கவும் முடியும். பதிப்புரிமை மீறல் குற்றமும்கூட, அபராதம், சிறை இரண்டும் சட்டத்தில் இருக்கின்றன. ஒரு பொங்கல் பானைப் படத்துக்காக அந்தக் கதவைத் தட்ட நான் சொல்ல மாட்டேன். உங்கள் படங்களை அச்சடித்து விற்கும் ஆளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ முகநூல்? எழுதலாம், எல்லாம் முடிந்த பிறகோ, எல்லாம் மறுக்கப்பட்ட பிறகோ. நடந்ததை மட்டும் எழுதுங்கள்: இந்தத் தேதி, இந்தப் பக்கம், இது என் படம், இத்தனாம் தேதி பில் அனுப்பினேன், பதில் இல்லை. ‘திருடன்’, ‘மோசடிக் கும்பல்’ என்று எழுதினால் 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் அவர்கள் பக்கம் பேசத் தொடங்கிவிடும்.

படி 8: பணம் வந்ததும், அதற்குப் பிறகும்

ரசீதில் எதற்கான பணம் என்று எழுதுங்கள்: இந்தப் படம், இந்தப் பதிப்பு, ஒரு முறை. இல்லாவிட்டால் அடுத்த வருடம் அதே படம் மறுபடி வரும், ‘போன வருஷமே காசு கொடுத்துட்டோமே’ என்பார்கள். உரிமையை முழுதாக எழுதிக் கொடுக்கும் காகிதம் எதையாவது நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

தடுப்பு வேலை அதிகம் இல்லை. அடுத்த வேலையிலிருந்து, யார் கேட்டு வரைந்தாலும், ‘பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்’ என்று பில்லில் ஒரு வரி சேர்த்து, அவர்கள் சரி என்று பதில் அனுப்பும்வரை கோப்பைக் கொடுக்காதீர்கள். கையெழுத்தை மூலையில் போடாமல் முகத்துக்கோ கைக்கோ பக்கத்தில் போடுங்கள், மூலையை வெட்டுவது ஒரு நொடி வேலை. அளவைக் குறைத்துப் போட்டால் எடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையை மட்டும் நம்பாதீர்கள். 1080 புள்ளி அகலமுள்ள இன்ஸ்டாகிராம் படம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 9 சென்டிமீட்டர்தான் வரும். நாளிதழ்த் தாளுக்கு 200 புள்ளியே தாராளம், அப்போது அது கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டராகிவிடும். அரைப் பக்கத்துக்கு இழுத்தால் கொஞ்சம் மங்கும், அந்த அவசரத்தில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். உங்கள் பக்கத்தின் அறிமுகத்தில் ‘பத்திரிகைப் பயன்பாட்டுக்கு’ என்று போட்டு ஒரு மின்னஞ்சலும், விலையும் எழுதி வையுங்கள். இரவு பதினோரு மணிக்குப் பக்கம் கட்டுகிறவருக்கு அனுமதி கேட்க ஓர் இடம் தெரிந்திருந்தால், சிலர் கேட்கத்தான் செய்கிறார்கள்.